செல்லம் ஸ்டூடியோவின் கறுப்புக் கோட்

அம்மாக்கண்ணுவைப் பற்றி ஹட்டன் கடைவீதியில் ஒரு காலத்தில் நல்லபடியாகப் பேச ஆளில்லை. கல்நெஞ்சுக்காரி என்றார்கள். புருஷன் செத்த அன்றைக்கும் கடையை நினைத்தவள் என்றார்கள். இந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவன் வேறு யாருமில்லை, நான்தான். ஆகவே மிச்சக் கதையைச் சொல்ல வேண்டியவனும் நான்தான்.

என் பெயர் முத்துலிங்கம். தேயிலைத் தோட்டத்து ஆபீசில் எழுத்து வேலை பார்த்து, பெரிய கிளாக்கரோடு வாய்த்தகராறாகி வெளியே வந்தவன். அதன் பிறகு செல்லம் ஸ்டூடியோவின் வாசலில் ஒரு மேசையும் ஒரு பழைய டைப்ரைட்டரும் போட்டுக்கொண்டு, மனு எழுதுவதும் படிவம் நிரப்புவதுமாகப் பிழைத்தேன். இடம் கொடுத்தவர் ஸ்டூடியோக்காரர் செல்லசாமி அண்ணன். வாடகை என்று ஒரு சதம் கேட்டதில்லை.

அண்ணன் திருச்சிப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய மரக் கேமராவோடு இலங்கை மலைநாட்டுக்கு வந்தவர். தோட்டம் தோட்டமாகப் போய்ப் படம் எடுப்பார். ஐம்பதாம் வருஷம் கந்தப்பளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் பெண்களை வரிசையாக நிறுத்திப் படம் எடுக்கப் போனபோது, வரிசையிலிருந்து ஒருத்தி சொன்னாளாம்:

"எங்கள ஏங்க வெயிலுக்கு நேரா நிக்க வைக்கிறீங்க? எல்லாரும் கண்ண மூடிக்குவோம். அந்தப் பக்கம் திருப்பி நிறுத்துங்க."

அண்ணன் திருப்பி நிறுத்தினார். படம் அருமையாக வந்தது. ஆறு மாதம் கழித்து அவளையே கட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவள்தான் அம்மாக்கண்ணு. நான் மதினி என்று கூப்பிடுவேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்ற படிப்பு. ஆனால் மருந்துத் தண்ணீர் கலப்பது, இருட்டறையில் கண்ணாடித் தகட்டைக் கழுவுவது எல்லாம் ஒரே வருஷத்தில் அவள் கைக்கு வந்துவிட்டது.

ஸ்டூடியோவில் ஒரு கறுப்புக் கோட் இருந்தது. ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் துரையின் சாமான்களை ஏலம் விட்டபோது அண்ணன் எடுத்தது. அது எதற்கு என்று ஹட்டனில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. இலங்கை தனி நாடான நாற்பத்தெட்டுக்கு அப்புறம் இந்தியா போவதென்றால் பாஸ்போர்ட், அனுமதி என்று ஆயிரம் சடங்கு. போக முடிந்தவனுக்குப் பாஸ்போர்ட் படம் வேண்டும். போக முடியாதவனுக்கு, தானும் பிழைத்துக் கிடக்கிறேன் என்று ஊருக்கு அனுப்பப் படம் வேண்டும். மலையில் கிழிந்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு நிற்பவன், படத்தில் அப்படி நிற்க விரும்புவானா? ஆகவே கோட், இரண்டு சேலை, கில்ட்டுச் சங்கிலி, ஒரு சோடி செருப்பு, பவுடர், சீப்பு, தலைக்கு எண்ணெய், கொஞ்சம் பூ எல்லாம் ஸ்டூடியோவில் இருந்தன. வருகிறவர்கள் சும்மா போட்டுக்கொள்ளலாம். கோட் துரையின் உடம்புக்குத் தைத்தது, நம்மவர்கள் இரண்டு பேர் அதற்குள் குடியிருக்கலாம். பின்பக்கம் மடித்துத் துணிக் கவ்வி போட்டால் முன்பக்கம் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும்.

ஐம்பத்தாறு ஆடி மழையில் அண்ணனுக்கு நெஞ்சில் சளி கட்டியது. எட்டாம் நாள் போய்விட்டார்.

எங்கள் பக்கத்தில் செத்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, சொந்தபந்தம் சுற்றி நின்று கடைசியாக ஒரு படம் எடுப்பது வழக்கம். கடைவீதியில் அப்போது படம் எடுக்கத் தெரிந்தவர் ஒருவர்தான், அவரே நாற்காலியில் இருந்தார். நான் உள்ளே போய் அந்தக் கோட்டை எடுத்து வந்தேன். ஊரிலுள்ளவனுக்கெல்லாம் போட்டு அழகு பார்த்த மனுஷன், இன்றைக்காவது அவர் போட்டுக்கொண்டு போகட்டும் என்று நினைத்தேன்.

"அத வைங்க தம்பி" என்றாள் மதினி. "அது கடையோடது."

நான் கெஞ்சினேன். பெரியவர்களும் சொன்னார்கள். அவள் கோட்டை வாங்கி ஆணியில் மாட்டினாள். அண்ணனுக்கு வெள்ளைச் சட்டையும் வேட்டியும் உடுத்தினாள். பிறகு கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு அவளே அந்தப் படத்தை எடுத்தாள். தனியாக அவள் எடுத்த முதல் படம் அது. மறுநாள் விடிந்ததும் கடையைத் திறந்து அதே கோட்டை யாரோ நாலு பேருக்கு மாறி மாறி மாட்டிக்கொண்டிருந்தாள். அவள் கடை வாசலிலேயே உட்கார்ந்துகொண்டு மூன்று மாதம் நான் அவளோடு பேசவில்லை. மற்றவர்களிடம் பேசினேன். அதிகமாகவே பேசினேன்.

அவள் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பஸ் ஏறி இறம்பொடை போவாள், ரயில் ஏறி நானுஓயா போவாள், அங்கிருந்து கேமராவைத் தலையில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்கு நடப்பாள். பொம்பளை எடுக்கிற படம் என்று சிரித்தவர்கள்கூடத் தங்கள் பெண்சாதிகளை அவளிடம்தான் அனுப்பினார்கள். முகத்தைத் தொட்டுத் திருப்புவதற்கு இன்னொரு பெண்தான் சௌகரியம். இப்படி நாலைந்து வருஷத்தில் கடை நிமிர்ந்தது. ஒரு தோட்டக் கம்பெனி தன் ஆட்கள் அத்தனை பேரையும் படம் எடுக்கச் சொல்லி ஒரு காசோலை கொடுத்தது. காசோலை போன தடத்திலேயே போன மூன்று வருஷத்துக்கான வருமான வரிப் படிவமும் வந்து சேர்ந்தது.

படிவத்தை நிரப்பியது நான். என் இங்கிலீஷ் மேல் எனக்கு ஒரு கர்வம் உண்டு. கடைச் செலவு என்ற இடத்தில் அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்: கோட்டுக்குப் புது உள்துணி, கண்டியில் கோட் வெளுத்த கூலி, சேலை, செருப்பு, பவுடர், எண்ணெய், பூ, தேயிலை, சீனி, கரி. அவ்வளவுதான். யாருக்கு, எதற்கு என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. செல்லம் ஸ்டூடியோவின் கோட்டைத் தெரியாதவன் உலகத்தில் இருப்பான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மூன்று வருஷத்துப் படிவத்தையும் அப்படியே எழுதி அனுப்பிவிட்டேன்.

அறுபத்திரண்டில் பதில் வந்தது. இவையெல்லாம் சொந்தச் செலவு, கழிக்க முடியாது, மூன்று வருஷத்துக்கும் சேர்த்து இன்னும் நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய் கட்ட வேண்டும், மறுப்பு இருந்தால் முப்பது நாளுக்குள் நேரில் வந்து சொல்லலாம். படித்துக் காட்டும்போதே எனக்கு வேர்த்தது. ஒரு கொழுந்துக்காரி அரை வருஷம் மழையில் நனைந்தாலும் அந்தப் பணம் தேறாது. அவள் கையில் இருந்ததெல்லாம் அப்போதுதான் கண்ணாடித் தகட்டுக்கும் காகிதத்துக்கும் போயிருந்தது.

சேதி எப்படித்தான் பரவுமோ, அந்த வாரமே கண்டியிலிருந்து பழைய சாமான் வியாபாரி ஒருவன் வந்து கேமராவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். நானூற்றைம்பது தருகிறேன் என்றான். விற்றால் வரி தீரும். ஆனால் கடையும் தீரும். பிறகு அவளுக்கு இருப்பது கந்தப்பளைத் தோட்டத்து லய வீடும், விடிகாலையில் ஆளெண்ணி வேலை பிரிக்கும் பெரட்டும்தான்.

"கொடுத்துட்டு நிம்மதியா இருங்க மதினி" என்றேன் நான். பயந்தவன் யோசனை அப்படித்தான் இருக்கும். "கவருமெண்டோட நம்ம மல்லுக்கட்ட முடியுமா?"

"கேமரா இல்லாட்டி வருமானம் ஏது தம்பி? வருமானத்தக் கொன்னுட்டு வருமான வரி கட்டுறதா?" என்றாள். "நான் பொய் எழுதச் சொல்லல. செஞ்ச செலவத்தான் சொன்னேன். யாருக்குச் செஞ்சேன்னு போய்க் காட்டிட்டு வர்றேன். நீங்க இங்கிலீசு பேச மட்டும் கூட வாங்க."

அன்றைக்கு ராத்திரி வரை உட்கார்ந்து அலமாரியிலிருந்து கண்ணாடித் தகடுகளைப் பொறுக்கினாள். அவள் எந்தத் தகட்டையும் எறிந்ததில்லை. படத்தில் இருந்தவர் செத்துப்போனால் இன்னொரு பிரதி கேட்டு வீட்டார் வருவார்கள் என்பாள். அறுபது தகடுகளைத் துணி சுற்றி ஒரு தேயிலைப் பெட்டிக்குள் நிறுத்தி அடுக்கினாள். கோட்டையும் கவ்விகளையும் மேலே வைத்தாள். ரயிலில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கண்டி வரை வந்தாள். நான் வாங்கிக்கொள்கிறேன் என்று மூன்று தரம் கேட்டேன், தரவில்லை.

வரி அலுவலகத்தில் எங்களை விசாரித்தவர் பெயர் மயில்வாகனம். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும், மூக்கு நுனியில் கண்ணாடி. நான் இங்கிலீஷில் ஆரம்பித்தேன். அவர் கையமர்த்திவிட்டு அவளைப் பார்த்தார்.

"இருங்கோ அம்மா. தமிழிலயே கதைப்பம். உடுப்பு, பவுடர், தலைக்கு எண்ணெய், தேயிலை, சீனி, கரி. இதெல்லாம் வீட்டுச் செலவெல்லோ? வருமானம் தேடுறதுக்கெண்டு செய்த செலவை மட்டும்தான் கழிக்கலாம்."

"அதத்தாங்க ஐயா சொல்ல வந்தேன். இது அத்தனையும் அதுக்குத்தான் செஞ்சது. கொஞ்சம் சன்னல்கிட்ட வர்றீங்களா?"

அவர் எழுந்து வருவார் என்று நான் நினைக்கவில்லை, வந்தார். அவள் முதல் தகட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். பல்லில்லாத ஒரு கிழவர். அடுத்தது ஒரு மாப்பிள்ளை. அடுத்தது மீசை அரும்பிய ஒருவன், முதல் பாஸ்போர்ட்டுக்கு. நெகட்டிவில் கறுப்புக் கோட் வெளுத்துத் தெரியும். இடது கழுத்துப்பட்டையில் ஒரு முறை வெளிச்சத்துக்குக் கொளுத்தும் மருந்துத்தூள் தெறித்து ஓட்டை விழுந்திருந்தது, அதை வெள்ளை நூலால் இழுத்துத் தைத்திருந்தாள். அந்தத் தையல் மட்டும் ஒவ்வொரு தகட்டிலும் கறுப்புப் புள்ளியாக அதே இடத்தில் இருந்தது. பன்னிரண்டாவது தகட்டில் அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"இவ்வளவு பேருக்கும் ஒரே கோட்டோ?"

"ஒன்னே ஒன்னுதாங்க."

"அதெப்படி? மெலிஞ்ச ஆளுக்கும் சரியாயிருக்கு, பெருத்த ஆளுக்கும் சரியாயிருக்கு. என்னால நம்பேலாது."

அவள் கோட்டை எடுத்து என்னை மாட்டச் சொன்னாள். நான் விளக்குமாற்றுக் குச்சிக்குத் தம்பி. கோட்டுக்குள் காணாமல் போனேன். அவள் பின்னால் போய் மளமளவென்று நாலு கவ்வி போட்டாள். மயில்வாகனத்தின் முகத்தைப் பார்த்தே நான் கனவானாகிவிட்டது தெரிந்தது. பிறகு முதுகில் இருந்த கவ்விகள் தெரிய என் தோளைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்பினாள். கதவோரம் நின்ற பியூன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அதிகாரியும் சிரித்துவிட்டு, அவசரமாக முகத்தைச் சரிசெய்துகொண்டார்.

பிறகு மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். தேயிலையும் சீனியும் என்னத்துக்கு?

"ஆறு மைலு ஏழு மைலு பனியில நடந்து வர்றாங்கய்யா. வெறச்ச மொகத்தோட புடிச்சா படத்துல உசுரே இருக்காது. ரெண்டு மடக்கு சூடா உள்ள போனாத்தான் மொகம் தெளியும். நான் குடிக்கிற தேயிலை தனி டப்பா. அத எழுதல."

கரி சமையலுக்குத்தானே?

"சமைக்கிறது வெறகுல. வெறகும் எழுதல. ஹட்டன் மழையில படம் காயாதுங்க, பூஞ்சணம் புடிச்சிரும். கரியடுப்பு மூட்டித்தான் காயப்போடுறது."

செருப்பைக் கேட்டபோது அவர் கொஞ்சம் உஷாரானார். "பாஸ்போர்ட் படத்தில கால் தெரியாதே, அம்மா."

"ஊருக்கு அனுப்புற படத்துல தெரியும்ங்க. வெறுங்காலோட நின்னா, புள்ள இங்க கஷ்டப்படுறான்னு அங்க தாய் அழுவா."

அவர் எழுதிக்கொண்டார். பூ என்று அடுத்த வரியைத் தொட்டதும் அவளே முந்திக்கொண்டாள்.

"அதுல பாதிய வெட்டிருங்க. சாயங்காலம் மிஞ்சுற பூவ வீட்டுச் சாமி படத்துக்குப் போட்டுருவேன். அது கடைச் செலவு இல்ல."

நான் மேசைக்கடியில் அவள் சேலை முந்தானையை இழுத்தேன். வலிய வந்து யாராவது இப்படிச் சொல்வார்களா? அவள் முந்தானையை என் கையிலிருந்து உருவிக்கொண்டாள். மயில்வாகனம் பேனாவை நிறுத்தி அவளை ஒரு தரம் நன்றாகப் பார்த்தார். பாதியை வெட்டினார்.

கடைசியில் கோட்டுக்கு வந்தார். உள்துணி மாற்றியது, மாதாமாதம் கண்டிக்கு அனுப்பி வெளுத்தது, தையற்கூலி என்று அதுதான் பெரிய தொகை. அது தள்ளப்பட்டால் மற்றதெல்லாம் கிடைத்தும் பிரயோசனமில்லை, கேமரா போய்விடும். அது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

"எல்லாம் சரி, அம்மா. ஆனா ஒண்டு கேக்கவேணும். கடைச் சாமானைச் சொந்தப் பாவிப்புக்கும் எடுத்தா முழுச் செலவையும் கழிக்க நான் விடமாட்டன். இந்தக் கோட்டை உங்கட மனுசன் ஒரு கலியாணத்துக்கோ கோயிலுக்கோ ஒருக்காலாவது போட்டிருப்பார்தானே? உண்மையைச் சொல்லுங்கோ."

அவள் பெட்டிக்குள் கையை விட்டு அடியிலிருந்து ஒரு தகட்டை எடுத்தாள். மற்றவற்றைப் போல் இல்லாமல் ஒரு பட்டுத் துணியில் சுற்றியிருந்தது. அதை அவள் கொண்டு வந்தது எனக்குத் தெரியாது. துணியைப் பிரித்தபோதே அது எந்தத் தகடு என்று எனக்குப் புரிந்துவிட்டது. எழுந்து வெளியே போய்விடலாம் போலிருந்தது.

அவர் ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "இதில கோட் இல்லையே."

"இல்லீங்க."

"ஆர் இவர்?"

"எங்க வீட்டுக்காரரு. அடக்கத்துக்கு எடுத்துட்டுப் போறதுக்கு முன்ன நானே எடுத்தது."

மயில்வாகனம் தகட்டை இறக்கவில்லை. சுற்றி நின்றவர்களைப் பார்த்திருப்பார். அதில் நாற்காலிக்குப் பின்னால் உர்ரென்று நிற்பவன் நான்தான்.

"அந்தக் கோட்ட அவருக்குப் போட்டு அனுப்பணும்னு எல்லாரும் கேட்டாங்கய்யா. எனக்கும் ஆசதான். அவரப் போல ஒருத்தருக்குப் போடாம வேற யாருக்குப் போடுறது? ஆனா மறுநாள் வெள்ளன நாலு பேரு பாஸ்போட்டு படத்துக்கு வர்றதா இருந்துச்சு. அவரே வரச் சொன்னவங்க. அதுல ஒருத்தருக்கு ஊருல தாய் சாகக் கெடந்தா. கோட்டு குழிக்குள்ள போயிட்டா அவங்களுக்கு எதப் போடுவேன்? கல்நெஞ்சுக்காரின்னு பேரு வாங்கினேன். பரவால்லன்னு இருந்துட்டேன். கடைசி நாளுக்கே அவருக்குக் குடுக்காத கோட்ட, கல்யாணத்துக்கா ஐயா குடுத்திருப்பேன்?"

அவள் குரல் உடையவில்லை. ஆறு வருஷமாக ஊரெல்லாம் நான் சொல்லிக்கொண்டு திரிந்த கதை, அவளுக்காகச் சாட்சி சொல்ல அந்த மேசை மேல் வந்து நின்றது. இதைவிட ஒருவன் வெட்கப்பட வழியில்லை.

அதிகாரி தகட்டை இரண்டு கையாலும் அவளிடம் திருப்பிக் கொடுத்தார். அவள் துணியைச் சுற்றி முடிக்கும் வரை காத்திருந்தார். அதன் பிறகுதான் பேனாவை எடுத்தார். கோட்டுச் செலவு முழுவதையும் ஒத்துக்கொண்டார். தோட்டத்துக்குப் போய்வந்த பஸ் காசும் ரயில் காசும் ஏன் கணக்கில் இல்லை என்று என்னைக் கேட்டார். அதையும் எழுதச் சொல்லியிருந்தாளாம். நான்தான் அதெல்லாம் ஒரு செலவா என்று விட்டிருக்கிறேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம். கூட்டிக் கழித்து நானூற்றுப் பன்னிரண்டு, முப்பத்தேழு ரூபாயாக வந்தது. அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து அங்கேயே கட்டிவிட்டு, ரசீதை வாங்கி ஒரு முறை எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்து மடித்து வைத்தாள்.

திரும்பும் ரயில் நாவலப்பிட்டி தாண்டி மலை ஏறத் தொடங்கும் வரை நான் வாயைத் திறக்கவில்லை. என் ஆயுளில் அதுவே பெரிய சாதனை.

"மதினி, அந்த நாலு பேரு விஷயத்த எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலியே தம்பி. மூனு மாசம் மொகத்தையே பாக்கல."

"நான் என்னென்னவோ பேசிட்டேன் மதினி. ஊரெல்லாம்."

"தெரியும்" என்றாள். "நம்ம வாசல்லதான ஒக்காந்து பேசுனீங்க."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. அவள் பெட்டியை ஜன்னல் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் மாற்றி என் மடியில் வைத்தாள். இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஹட்டன் வரும் வரை நான் அசையவே இல்லை.

"அடுத்த தடவ படிவம் எழுதுறப்ப, கோட்டுன்னு மட்டும் எழுதிட்டு விட்டுறாதீங்க. யாருக்குன்னும் எழுதுங்க" என்று இறங்கும்போது சொன்னாள்.

அடுத்த வருஷம் படிவம் வந்தது. என் டைப்ரைட்டரில் பழுதில்லாத இங்கிலீஷில் அடித்தேன். அடித்ததை அவளுக்குத் தமிழில் வாசித்தும் காட்டினேன்: கறுப்புக் கோட் ஒன்று, கடைக்குப் படம் எடுக்க வருகிற எல்லோருக்கும். கடைக்காரர் ஒரு நாளும் போட்டுக்கொண்டதில்லை.

அவள் கேட்டுவிட்டு, சரி என்று தலையாட்டினாள். உள்ளே யாரோ படத்துக்கு வந்து காத்திருந்தார்கள். ஆணியிலிருந்து கோட்டை எடுத்துக்கொண்டு போனாள்.